சுழிப்பிழை

"நேத்து என்னத்தக் கிழிச்ச, இன்னைக்கு எழுந்து கிழிக்கப்போற?"

காலையில் கண் விழித்ததும் காதில் விழும் முதல் பேச்சு இதுதான். வீட்டில் அப்போது வேறு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். சொல்வதும் நான், கேட்பதும் நான். எனக்கு வயது 51. இது எப்போது தொடங்கியது என்று யோசித்தால் நினைவு தெரிந்த நாளுக்குத்தான் போய்ச் சேர்கிறேன். பால் காய்ச்சும்போது, துணி உலர்த்தும்போது, ரயிலுக்கு ஓடும்போது என்று கூடவே வரும். அதட்டாது. பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும். காதைக் கொடுத்தால்தான் சொல் பிரியும்.

ஆறு மாதமாகக் காதைக் கொடுத்து அதை எழுதிவருகிறேன். வேலைக்குக் கிளம்பும் முன் திருமுல்லைவாயல் மாசிலாமணீஸ்வரர் கோயில் குளக்கரையில் அரைமணி நேரம் கிடைக்கிறது. மகள் பாதியில் விட்ட கணக்கு நோட்டின் மிச்சப் பக்கங்கள் இதற்குப் போதும்.

*

எழுத வைத்தவளும் மகள்தான். பிளஸ் டூ படிக்கிறாள். ஒருநாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள், தலையில் தட்டிக்கொண்டு "மக்கு, மக்கு, மக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கதவருகிலேயே நின்றுவிட்டேன். அவளை நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஏழாம் வகுப்பில் ஒரு டீச்சர் என்னைச் சொன்ன சொல் அது. இவளைக் கையில் வாங்கியபோதே, இந்தச் சொல் இவள் காதில் விழக்கூடாது என்று நினைத்தவள் நான்.

பிறகுதான் விளங்கியது. பால் பொங்கி வழிந்தால், சாவியை வைத்த இடம் மறந்தால், என்னை நானே அப்படித்தான் சொல்லிக்கொள்வேன். வாய்விட்டு. இத்தனை வருடமாக அதைக் கேட்டுத்தான் அவள் வளர்ந்திருக்கிறாள்.

லெவ் வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் 1934இல், முப்பத்தேழு வயதில், காசநோயில் இறந்துபோனார். அதே ஆண்டு வெளிவந்த அவருடைய புத்தகம் குழந்தைகளின் தனிப்பேச்சைப் பற்றி நிறையச் சொல்கிறது. சின்னக் குழந்தை சொப்பு வைத்து விளையாடும்போது தனக்குத் தானே சத்தமாகப் பேசும். "இது இங்க. இல்ல இல்ல, அது பெருசு. இரு, இரு." பெரியவர்கள் அதனிடம் பேசிய பேச்சுதான் அது. வயது ஏற ஏற அந்தச் சத்தம் முணுமுணுப்பாகி, முணுமுணுப்பு மௌனமாகி உள்ளே இறங்கிவிடுகிறது. அது நின்றுபோவதில்லை, இடம் மாறுகிறது என்பது அவர் கண்டது. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, பரிதாபம் வந்தது. அந்த டீச்சருக்குள்ளும் யாரோ ஒருவர் இறங்கியிருக்கத்தானே வேண்டும்.

முதல் வாரக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தால் என் சொந்த வார்த்தை என்று ஒன்றுகூட இல்லை. "தண்டம்" அத்தை சொன்னது. "இந்தக் கலருக்கு இந்தப் புடவையா" ஒரு கல்யாண வீட்டில் கேட்டது. "பக்கத்து வீட்டுப் பொண்ணு காலைத் தொட்டுக் கும்பிடு" பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வந்த அன்று. சொன்னவர்கள் ஒருமுறையோ இரண்டுமுறையோ சொல்லியிருப்பார்கள். சொல்லிவிட்டு மறந்தும்போயிருப்பார்கள். மிச்ச ஆயிரமாயிரம் முறையும் நான்தான் அவர்களுக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

*

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் எழுதவேண்டும். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த உருப்படியான ஒன்று அங்கேதான் கிடைத்தது.

1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். வரும் பீஸை அளந்து பார்த்து, சரியானதைப் பச்சை பின்னிலும், சரிசெய்யக்கூடியதை மஞ்சளிலும், உதவாததைச் சிவப்பிலும் போடவேண்டும். பின் என்றால் ஊசி இல்லை, பிளாஸ்டிக் தொட்டி. அளக்கிற கருவி மைக்ரோமீட்டர். பிள்ளைகள் பள்ளியில் திருகு அளவி என்று படிப்பது. லைனில் அதற்கு "மைக்" என்றுதான் பெயர். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கைக் காட்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒருநாள். 12 மில்லிமீட்டர் தண்டு ஓடிக்கொண்டிருந்தது. 12.00க்கு மேலே போகக்கூடாது, 11.98க்குக் கீழே இறங்கக்கூடாது. காலையிலிருந்து பாதிக்கு மேல் 12.01 காட்டியது. சிவப்பில் போட்டுக்கொண்டே இருந்தேன். லேத்தில் இருந்தவர் முப்பது வருடம் அனுபவமுள்ள பெரியவர். இரண்டு முறை எழுந்து வந்தார். "பீஸ் சரியாத்தான்மா இருக்கு. உன் மைக்கைப் பாரும்மா." எனக்கு ரோஷம் வந்தது. ஸ்டிக்கரைக் காட்டினேன். காலிபரேஷன் தேதி முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது. அவர் பேசாமல் போய்விட்டார்.

மூன்றாவது முறை அவர் வரவில்லை. தன் கையையே சந்தேகப்பட்டு, மிஷினில் வெட்டும் அளவை மாற்றும் ஆஃப்செட்டை, மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு குறைத்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த தண்டுகள் என் மைக்கில் அழகாக 11.99, 11.98 என்று காட்டின. பச்சை, பச்சை, பச்சை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான், வேறு எதற்கோ ஸ்லிப் கேஜ் என்ற அளவுக் கட்டையை எடுத்தபோது, மைக்கை மூடிப் பார்த்தேன். இரண்டு முகங்களும் ஒட்டிய நிலையில் அது பூஜ்யம் காட்டவேண்டும். 0.01 காட்டியது. முந்தின ஷிஃப்டில் கை தவறிக் கீழே விழுந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை. புத்தகத்தில் இதற்குச் சுழிப்பிழை என்று பெயர். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஏதோ இருப்பதாகக் காட்டும் கருவி, பிறகு எதை அளந்தாலும் அந்தப் பொய்யைச் சேர்த்தே சொல்லும்.

காலையில் சிவப்பில் போட்ட இருநூற்றுச் சொச்சம் தண்டுகளும் நல்லவை. மதியம் பச்சையில் போட்டதில் பல, 11.98ஐ நிஜமாகவே தொடாதவை. அந்தப் பெரியவர் கை அன்று காலை வரை ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு என்று சொல்லிச் சொல்லி அவரைத் தப்பாகச் செய்யவைத்தது என் கருவி.

அந்தச் சாயங்காலம் ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். அம்பத்தூர் வந்து போனது தெரியவில்லை. என்னை அளக்கும் அந்தக் குரலை நான் ஒருநாளாவது மூடிப் பார்த்திருக்கிறேனா என்ற கேள்விதான் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அது எப்போது, யார் கையிலிருந்து கீழே விழுந்தது? அது சொன்னதை நம்பி, சரியாக ஓடிக்கொண்டிருந்த எதையெல்லாம் நான் திருப்பி வைத்துக் கெடுத்தேன்? இருபத்து மூன்று வயதில் ஒரு பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். "நீ போய் நின்னா பசங்க சிரிப்பாங்க" என்றது குரல். நான் நேர்முகத்துக்கே போகவில்லை.

மறுநாள் அந்தப் பெரியவரிடம் போய் நின்றேன். "தப்பு என் மேலதாண்ணா" என்றேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "காலைல மூடிப் பாத்துட்டு ஆரம்பிம்மா, அவ்ளோதான்" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் ஆரம்பிக்கிறேன். மைக்கை.

*

மழை. குளத்தில் வட்டங்கள். எழுத ஒன்றுமில்லை. குரல் இன்று தாமதமாக வந்தது.

*

இந்தக் கோயிலின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். தொண்டைமான் படையோடு வந்தான். அவன் யானையின் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. கொடியை வாளால் வெட்டினான். வாள் கொடிக்குள் மறைந்திருந்த லிங்கத்தின் மேல் பட்டு ரத்தம் வந்தது. மன்னன் அதே வாளைத் தன் கழுத்தில் வைத்துக்கொள்ளப் போனான். இறைவன் தடுத்தார். அந்தக் காயத்துக்காகத்தான் ஆண்டு முழுவதும் சுவாமி மேல் சந்தனக்காப்பு. சித்திரை சதயத்தில் ஒருநாள் மட்டும் பழையதைக் களைந்து புதிதாகச் சாத்துகிறார்கள்.

சின்ன வயதில் யானையும் வாளும்தான் எனக்குக் கதை. இப்போது என்னை நிறுத்துவது அந்த ஒரு கணம். தெரியாமல் செய்த பிழைக்குத் தன் கழுத்தையே கொடுக்கப் போகிற கை, அதைப் பிடிக்கிற இன்னொரு கை. காயம் பட்டவரே பிடிக்கிறார்.

சுந்தரர் இங்கே வந்தபோது அவருக்குப் பார்வை இல்லை. திருவொற்றியூரில் மகிழமரத்தடியில், மனைவி சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தவர். ஆரூர் வசந்த விழா நினைவுக்கு வந்து ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் போனது. தடுமாறிக்கொண்டே இந்த வடதிருமுல்லைவாயிலுக்கு வந்து ஒரு பதிகம் பாடினார். அதில் அவர் தன்னை மறைக்கவில்லை. யாரையும் மதிக்காமல் தகாதவற்றைச் செய்து திரிந்ததை முதல் பாட்டிலேயே ஒப்புக்கொள்கிறார். சங்கிலியின் பொருட்டுத்தான் கண் போயிற்று என்பதையும் சொல்கிறார். பாட்டுக்குப் பாட்டு, படும் துயரைக் களைய வேண்டும் என்று கேட்கிறார்.

இதை என் நோட்டோடு வைத்துப் பார்த்தேன். அவர் சொல்வது, நான் இதைச் செய்தேன் என்று. என் குரல் சொல்வது, நீயே இப்படித்தான் என்று. செய்ததைச் சொன்னால் அதற்கு ஓர் ஓரம் இருக்கிறது, எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று காட்டமுடியும். மன்னிப்புக் கேட்கமுடியும், திருத்தமுடியும். நீயே இப்படித்தான் என்பதை எந்தக் கையால் பிடித்துத் திருத்துவது? இன்னொன்றும் உண்டு. சுந்தரர் கேட்கிற ஒருவரிடம் சொல்கிறார். மணிவாசகர் தன்னை நாயேன் என்று சொல்லும்போதும் எதிரே ஒருவர் இருக்கிறார், அவர் கைவிடமாட்டார் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பக்தியின் தாழ்மையைக் காட்டி, என்னை நானே ஏசிக்கொள்வதையும் அடக்கம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அடக்கம் வேறு. அதில் குளிர்ச்சி இருக்கும்.

அவருக்கும் கண் இங்கேயே திரும்பிவிடவில்லை. திருவெண்பாக்கத்தில் ஒரு ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் இன்னொரு கண். நடுவில் அத்தனை தூரம் அந்தக் கோலை ஊன்றியே நடந்திருக்கிறார்.

*

போன வருடம் ஒரு தோழி சொன்னாள் என்று கண்ணாடி முன் நின்று, "நான் அழகானவள், நான் வெற்றி பெறுவேன், எல்லோரும் என்னை விரும்புகிறார்கள்" என்று தினமும் இருபது முறை சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் நாளே மனம் கனத்துப்போனது. ஒவ்வொரு வரிக்கும் உள்ளேயிருந்து ஒரு மறுப்பு எழுந்தது. இருபது முறை சொன்னால் இருபது மறுப்பு. என் பயிற்சி போதவில்லை என்று அதற்கும் என்னையே குறை சொல்லிக்கொண்டேன்.

2009இல் கனடாவில் ஜோவன் வுட் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்லெண்ணம் உள்ளவர்களுக்கு இப்படிச் சொல்லிக்கொள்வது கொஞ்சம் தெம்பு தந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களுக்கு, யாருக்கு அது தேவையோ அவர்களுக்கு, முன்பிருந்ததைவிட மோசமாகிவிட்டது. படித்தபோது ஒரு பாரம் இறங்கியது.

அப்படியானால் அந்தக் குரலை நினைக்காமல் இருந்துவிடலாமா? குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே என்று நம் பாட்டிகள் சொன்ன கதை இருக்கிறதே. சொன்ன பிறகு குரங்கைத் தவிர வேறு எது வரும்? டேனியல் வெக்னர் 1987இல் வெள்ளைக் கரடியை வைத்துக் கண்டுகொண்டதும் அதையேதான். நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களுக்கு அது திரும்பத் திரும்ப வந்தது. பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைத்தவர்களைவிட அதிகமாக வந்தது.

இரண்டு கதவும் மூடிவிட்டன. பொய்யான 0.01க்குப் பதிலாகப் பொய்யான மைனஸ் 0.01ஐ வைப்பதும் பிழைதான். மைக்கைத் தூக்கி எறிவதும் முடியாது, அளக்காமல் வேலை ஓடாது.

*

ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில் மனச்சோர்வு நோயாளிகளிடம் பேசிக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தார். அவர்கள் வாய் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஓரத்தில் இன்னொரு எண்ணம் மின்னல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. இவருக்கு என்னோடு பேசி அலுப்பாக இருக்கும், நான் ஒன்றுக்கும் உதவாதவள், இப்படி. தானாக எழும் எண்ணங்கள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார். அவற்றைப் பிடித்து எழுதவைத்து, சாட்சி கேட்பதுதான் அவர் வளர்த்த சிகிச்சையின் ஒரு முக்கியமான படி.

நான் மருத்துவரும் இல்லை, நோட்டு எழுதுவது சிகிச்சை என்று சொல்லவும் மாட்டேன். எங்கள் லைனில் ஒரு பீஸைச் சிவப்பில் போட்டால், என்ன அளவு, எவ்வளவு விலகல், யார் பார்த்தது என்று டேக் எழுதவேண்டும். டேக் இல்லாமல் சிவப்பில் போட யாருக்கும் உரிமை இல்லை. அந்த மரியாதையை எனக்கும் கொடுத்துப் பார்க்கிறேன். மணி, குரல் சொன்ன வாக்கியம் அப்படியே, யாருடைய குரல், நடந்தது என்ன. இவ்வளவுதான் எழுதுகிறேன். "உன்னால எதுவும் முடியாது" என்பது டேக் எழுத முடியாத வாக்கியம். எழுத உட்கார்ந்தால் அளவே இருக்காது. சிலது மட்டும் டேக்கில் நிற்கும். அவை மஞ்சள்.

*

நெஞ்சே என்று கூப்பிடும் வழக்கம் நம்மிடம் எவ்வளவு பழையது! திருக்குறளில் 125ஆம் அதிகாரத்துக்கு நெஞ்சொடு கிளத்தல் என்று பெயர், 130ஆம் அதிகாரத்துக்கு நெஞ்சொடு புலத்தல். பிரிவில் தவிக்கிற தலைவி தன் நெஞ்சை எதிரே உட்கார வைத்துப் பேசுகிறாள். நீ என் பக்கம் நிற்காமல் அவர் பின்னால் போகிறாயே என்று கோபித்துக்கொள்கிறாள். கோபத்திலும் அது ஒரு தோழியோடு பேசும் பேச்சு. ஆழ்வார்கள் நெஞ்சை அழைக்கும்போது நல்நெஞ்சே என்பார்கள், மடநெஞ்சே என்பார்கள். அந்த மடமையில் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளும் செல்லம் இருக்கிறது. என் டீச்சரின் மக்குக்கும் ஆழ்வாரின் மடநெஞ்சுக்கும் அகராதியில் பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான். குரல்தான் வேறு.

மிச்சிகனில் ஈதன் கிராஸும் கூட ஆய்ந்தவர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மேடையேறிப் பேசவேண்டியவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாரார் நான் ஏன் இப்படிப் பயப்படுகிறேன் என்று யோசித்தார்கள். இன்னொரு சாரார் தங்கள் பெயரையே சொல்லி, நீ ஏன் பயப்படுகிறாய் என்று கேட்டுக்கொண்டார்கள். பெயர் சொல்லிக் கேட்டவர்கள் பதற்றம் குறைந்து பேசினார்கள். நடுவில் ஒரு சாண் இடைவெளி விழுந்தால் போதும் போலிருக்கிறது. அந்த ஒரு சாணுக்கு நம் பாட்டில் வைத்த பெயர் நெஞ்சே.

ரயிலில் இப்போது நானும் அப்படிக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். முதலில் கூச்சமாக இருந்தது. அம்மா என்னைச் சின்ன வயதில் கூப்பிட்ட பெயரில் கூப்பிட்டேன். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். கூப்பிட்டதும் தொண்டை அடைத்தது. அந்தப் பெயரால் கூப்பிட்டுவிட்டுத் தண்டம் என்று சொல்ல வாய் வரவில்லை.

*

ஞாயிறு. மகளோடு திருநின்றவூர். ஆவடி தாண்டிப் பட்டாபிராம், நெமிலிச்சேரி, பிறகு நின்றவூர். முதலில் பக்தவத்சலப் பெருமாள். தாயாரின் பெயர் என்னைப் பெற்ற தாயார். வைகுண்டத்தை விட்டு வந்து இங்கே நின்றவளைச் சமாதானம் செய்ய வந்த சமுத்திரராஜன், மகளையே என்னைப் பெற்ற தாயே என்று கூப்பிட்டானாம். அதுவே பெயராகிவிட்டது. மகள் அந்தப் பெயர்ப்பலகையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு இருதயாலீஸ்வரர். பூசலார் கோயில். நெஞ்சு வலிக்காரர்கள் வேண்டிக்கொண்டு வரும் இடம்.

பூசலாரைப் பாடிய சேக்கிழார் பூவிருந்தவல்லிக்குப் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர். இந்த மண்ணின் கதையை இந்த மண்ணின் மனிதர் எழுதியிருக்கிறார். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்ட பூசலார் எங்கெங்கோ தேடியும் பொருள் கிடைக்கவில்லை. மனத்திலேயே கட்டத் தொடங்கினார். அதே நாளில் காஞ்சியில் கற்றளி எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்த காடவர் கோமானின் கனவில் இறைவன் வந்து, நாளை நான் நின்றவூர்ப் பூசலின் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வை என்றார். அந்த மன்னன் ராஜசிம்ம பல்லவன், அந்தக் கற்றளி எட்டாம் நூற்றாண்டுக் கைலாசநாதர் கோயில் என்பார்கள். மன்னன் நின்றவூருக்கு வந்து பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்டான். அப்படி ஒரு கோயில் இங்கே இல்லையே என்றார்கள் ஊரார்.

இந்தக் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இந்த முறைதான் ஒன்று உறைத்தது. மனத்தில் கட்டுகிறவருக்கு என்ன தடை? கண்ணை மூடினால் கோபுரம் நிற்கவேண்டியதுதானே. பூசலார் அப்படிச் செய்யவில்லை. மனத்தில் பொருளைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். தச்சர்களைத் தேடினார். ஆகமப்படி நாள் பார்த்து அடித்தளம் போட்டார். இரவிலும் கண் மூடாமல் வரிசை வரிசையாக எழுப்பினார். சிகரம் வைத்தார், சுதை பூசினார், கிணறு தோண்டினார், மதில் எழுப்பினார், குளம் வெட்டினார். மனத்துக் கோயிலுக்குக் கிணறு எதற்கு என்று விட்டுவிடவில்லை. நினைப்பில்கூட ஒரு கல்லைத் தாண்டி அடுத்த கல்லுக்குப் போகவில்லை அந்த மனிதர். கண்ணாடி முன் நான் மூன்று நாளில் கோபுரம் எழுப்பப் பார்த்தேனே. அதற்குக் கீழே ஒரு கல்லும் இல்லை, அதனால்தான் நிற்கவில்லை.

"ஊர்க்காரங்க யாருக்கும் தெரியாம எப்படிம்மா அவரால அத்தனை நாள் கட்ட முடிஞ்சுது?" என்று கேட்டாள் மகள். பதில் தெரியவில்லை. பிராகாரத்தில் அவளோடு உட்கார்ந்து, அன்று இரவு அவள் மக்கு என்று சொல்லிக்கொண்டதைக் கேட்டேன் என்றும், அந்தச் சொல் எப்படி வந்தது என்றும் சொன்னேன். டீச்சர், பால், சாவி, எல்லாம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ உன்னைச் சொன்னா எனக்கு அப்பல்லாம் அழுகை வரும்மா" என்றாள்.

*

இதையும் எழுதிவைக்கவேண்டும்.

நான்கு வருடம் முன்பு ஒரு காலம் இருந்தது. குரல் பேச்சை மாற்றிக்கொண்டது. நீ சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது, நீ இருக்கவே வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தது. தூக்கம் போனது, சாப்பாட்டில் ருசி போனது. குளக்கரைக்கு வந்தால் குளத்தைப் பார்க்கப் பயந்தேன். அப்போது எந்த நோட்டும் உதவியிருக்காது. அது சுழிப்பிழை இல்லை, உடம்புக்கு வரும் மற்ற நோய்களைப் போல ஒரு நோய். மனநல மருத்துவரிடம் போகவே எனக்கு மூன்று மாதம் ஆனது. கீழ்ப்பாக்கம் போ என்பதை ஏச்சாகப் பேசியே வளர்ந்த ஊர் இது. நானும் பேசியவள்தான்.

அந்தக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்குப் பல்லாண்டுகள் தலைமையேற்று நடத்தியவர், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன். பணி முடிந்த பிறகும் ஓயாமல் 1984இல் ஸ்கார்ஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார். அது இங்கே அண்ணா நகர் மேற்கில்தான் இருக்கிறது. 2021இல், தொண்ணூற்றெட்டு வயதில் அவர் காலமானபோது செய்தித்தாளில் படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், வாரம் ஒருமுறை போய்ப் பேசினேன். குரல் திரும்பத் தன் பழைய சுருதிக்கு இறங்கியது. அதன் பிறகுதான் அதைக் கவனிக்க முடிந்தது, எழுத முடிந்தது. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். மகளின் போனில் அதைச் சேமித்து வைத்திருக்கிறேன். என் போனிலும்.

*

செவ்வாய். காலை 5.10.

"நேத்து என்னத்தக் கிழிச்ச?" அத்தையின் குரல்.

நடந்தது: காலையில் மைக்கை மூடிப் பார்த்தேன், பூஜ்யம். 860 தண்டு பார்த்தேன். 7 சிவப்பு, ஏழுக்கும் டேக் எழுதினேன். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு வெர்னியர் படிக்கச் சொல்லிக்கொடுத்தேன், மூன்றாவது தடவையில் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் மகளுக்குத் தலை பின்னிவிட்டேன். பால் பொங்கி வழிந்தது. துடைத்தேன். ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

அம்மாவுக்கு ஒன்பது நாளாகப் போன் பண்ணவில்லை. இது நிஜம். மஞ்சள். மதியம் சாப்பாட்டு வேளையில் பண்ணவேண்டும்.

ரயில் வரும் நேரம்.